ஓசையில்லாக் கட்டைகள்: மிடி என்னும் பொதுமொழியின் வரலாறு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஓசையின் வரலாற்றையே எழுதிவந்துள்ளனர். குழலின் துளை, யாழின் நரம்பு, பறையின் தோல் என ஓசை பிறக்கும் இடமே அவர்களின் கவனத்தைப் பெற்றது. ஆனால் இன்று இசையில் நாட்டமுள்ள இளைஞர்களின் அறைகளில் காணப்படும் ஒரு கருவிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ஓரடி நீளமான தட்டைப் பெட்டி. அதில் இருபத்தைந்து சிறு கட்டைகள். பதினைந்து வெள்ளை, பத்துக் கறுப்பு. பக்கத்தில் விரலால் தட்டுவதற்கு எட்டு இறப்பர்ச் சதுரங்கள், திருகுவதற்குச் சில குமிழ்கள், ஸ்தாயியை மேலும் கீழும் மாற்ற இரண்டு பொத்தான்கள். கணினியிலிருந்து வரும் ஒரேயொரு வயர்தான் அதற்கு மின்சாரத்தைக் கொடுக்கிறது. அது சொல்வதைக் கொண்டுபோவதும் அதே வயர்தான். அந்த வயரைக் கழற்றிவிட்டு நாள் முழுவதும் வாசித்தாலும் பிளாஸ்டிக் தட்டுப்படும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது.

இதனை 'மிடி கீபோர்ட்' என்பர். ஓசை எழுப்பாத ஒன்றை இசைக்கருவி என்று அழைக்கலாமா என உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். நான் சங்கீத ஆசிரியன் அல்லன். தமிழும் வரலாறும் கற்பிப்பவன். ஆயினும் அந்தக் கேள்வி வரலாற்றுக் கேள்வி என்றே எனக்குப் பட்டது. அதைப் பின்தொடர்ந்து போனபோது வழி பக்தாத், கெய்ரோ, கல்கத்தா, ஒசாக்கா, கலிபோர்னியா என்று நீண்டது. இறுதியில் நான் கண்டுகொண்டது இதுதான். இந்தப் பெட்டி ஒரு மொழியை எழுதும் எழுதுகோல். ஒரு மொழிக்கு எழுத்து வகுப்பவர்களின் காதுக்குக் கேட்டதே எழுத்தாகிறது. கேளாதது வெளியே நின்றுவிடுகிறது. மிடி என்னும் எழுத்துக்கு வெளியே நின்றவற்றுள் நமது பாட்டுகளின் இழுவையும் ஒன்று. அதை உள்ளே கொண்டுவர முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பக்தாதும் பஃபலோவும்

வாசிப்பவனின் விரலையும் ஒலிக்கும் கருவியையும் வேறுபிரித்தல் இக்காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சிக்காலப் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர் பொறியியலில் பெயர்பெற்றவர்கள். நூறளவான நூதனப் பொறிகளை விவரிக்கும் 'கிதாபுல் ஹியல்' அவர்களுடையது. தானாக ஊதும் ஒரு கருவியைப் பற்றியும் அவர்கள் எழுதி வைத்தனர். நீர்விசையால் ஓர் உருளை சுழலும். உருளையின் மேல் முளைகள் பதிக்கப்பட்டிருக்கும். சுழலும்போது அம்முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, குழலின் துளைகள் திறந்து மூடும். முளைகளை இடம் மாற்றினால் மெட்டு மாறும். நிரற்படுத்தக்கூடிய முதல் இயந்திரங்களுள் ஒன்றாக இதனைக் கருதும் வரலாற்றாசிரியர் உளர்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது உருளையையே. அதில் ஓசை இல்லை. எந்தத் துளை, எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே உள்ளன. மிடியும் இதைத்தான் செய்கிறது.

முளைப்பதித்த உருளை பின்னர் ஐரோப்பாவில் தேவாலய மணிக்கூண்டுகளுக்கும் தெருவோர ஆர்கன் பெட்டிகளுக்கும் போனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் உருளையின் இடத்தைத் துளையிட்ட காகிதச் சுருள் பிடித்தது. 1895இல் எட்வின் வோட்டி என்பவர் 'பியானோலா'வை உருவாக்கினார். காகிதத்தின் துளை வழியே காற்று உறிஞ்சப்படும்போது பியானோவின் கட்டை தானே அழுந்தும். இத்தகைய பியானோக்கள் விற்பனையில் சூடுபிடித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு கம்பனியின் சுருளும் ஒவ்வோர் அளவு. ஒருவரின் சுருள் மற்றவரின் பியானோவில் ஓடாது. 1908இல் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி, சுருளின் அகலத்தையும் துளைகளின் நெருக்கத்தையும் பொதுவாக்கினர். 88 கட்டைச் சுருளுக்கு ஓர் அங்குலத்துக்கு ஒன்பது துளைகள் என்பது அப்போது எடுக்கப்பட்ட முடிவு. போட்டியாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்து இசைக்கு ஒரு பொது எழுத்தை ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி என்ற வகையில் இது முக்கியமானது. இன்று கணினித் திரையில் சுரங்கள் சிறு கோடுகளாகத் தெரியும் பக்கத்துக்கு இன்னமும் 'பியானோ றோல்' என்றே பெயர்.

கட்டைகளுக்கு இடையில்

எழுத்தின் கதை ஒருபுறமிருக்க, கட்டைகளுக்கும் ஒரு கதை உண்டு. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரித்து, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அதிர்வெண்ணை ஏறத்தாழ 1.0595 மடங்கு கூட்டுவது இன்றைய ஏற்பாடு. பல சுரங்களை ஒன்றாக அடுக்கி வாசிக்கும் மேற்கத்திய இசைக்கு இது மிகவும் வசதியானது. ஆனால் இதுவே உலகின் ஒரேயொரு பிரிப்பு அன்று. 13ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஸபியுத்தீன் உர்மவீ ஒரு ஸ்தாயியைப் பதினேழு இடைவெளிகளாக வகுத்தார். அரபு இசையின் 'ராஸ்த்' என்ற மகாமில் மூன்றாவது சுரம் வெள்ளைக் கட்டையிலும் இல்லை, கறுப்புக் கட்டையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கர்நாடக இசையிலோ சுரம் ஓரிடத்தில் நிற்பதே குறைவு. அசைந்தும் வழுக்கியும் போகும் அந்தக் கமகமே இராகத்தின் உயிர்.

1932இல் கெய்ரோவில் மன்னர் புவாதின் ஆதரவில் அரபு இசை மாநாடு நடைபெற்றது. பேலா பார்டோக், பவுல் ஹிண்டமித் முதலிய ஐரோப்பிய இசையாளரும் கேர்ட் ஸாக்ஸ், ஹோர்ன்போஸ்டல் முதலிய ஆய்வாளரும் அதில் கலந்துகொண்டனர். அங்கு சூடாக விவாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, அரபு இசைக்குழுவில் பியானோவுக்கு இடம் கொடுக்கலாமா என்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பியானோ வேண்டும் என்று வாதாடியவர்கள் முன்னேற்றத்தை நாடிய எகிப்தியர். வேண்டாம் என்றவர்களுள் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இருந்தனர். பிறர் நமது பழமையை அப்படியே வைத்திருக்கச் சொல்லும்போது நமக்குக் கோபம் வருவதும் நியாயம். நாமே அதை அவசரப்பட்டுக் கைவிட்டுவிடக்கூடாது என்ற அச்சமும் நியாயம். இந்த இருமுனைச் சங்கடம் இன்னும் தீரவில்லை.

நமது பகுதியில் இந்தச் சங்கடத்தைக் கொண்டுவந்தது ஆர்மோனியம். 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற காலால் மிதிக்கும் கருவி அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அதனைத் தரையில் அமர்ந்து கையால் துருத்தி அசைத்து வாசிக்கும் பெட்டியாக மாற்றினார். இடதுகை காற்றை ஊட்ட, வலதுகை மெட்டை வாசிக்கும். பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களோடு அது இலங்கை மேடைக்கும் வந்து சேர்ந்தது. சிங்கள நூர்த்தி நாடகம் அதைத் தழுவிக்கொண்டது. யாழ்ப்பாணத்து இசைநாடகத்தில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் திரை விலகாது. பாடகரின் சுருதியை 'ஐந்து கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று நாம் சொல்வதே ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிச் சொல்லும் வழக்கம்தான்.

அதே வேளையில் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. அதன் நிலைத்த சுரங்கள் இந்திய இசையின் நுட்பத்தைக் கெடுக்கின்றன என்பது காரணம். இரவீந்திரநாத் தாகூரும் ஆர்மோனியத்தை எதிர்த்தவரே. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! ஆனால் கவ்வாலி மேடையிலோ நாடகக் கொட்டகையிலோ ஆர்மோனியம் ஒருநாளும் ஓயவில்லை. பாடகர் குரலால் வழுக்கிப் போனார். ஆர்மோனியம் கீழே படிக்கட்டாக நின்றது. தடை செய்யாத வேலையைக் குரலும் கட்டையும் தமக்குள் பங்கிட்டுச் செய்துகொண்டன.

ஒரு வயரில் ஓர் உடன்படிக்கை

1964இல் அமெரிக்கரான றொபர்ட் மூக், ஹேர்பர்ட் டொய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் சிந்தசைசரை உருவாக்கினார். மின்சுற்று எந்த அதிர்வெண்ணையும் எழுப்பவல்லது. அதற்குக் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் அவசியமில்லை. கட்டைகள் வேண்டாம் என்று மூக்குக்கு ஆலோசனை கூறியவர்களும் உண்டு. அதே காலத்தில் கலிபோர்னியாவில் டொன் புக்லா, கட்டைகளை ஒதுக்கிவிட்டுத் தொடு தகடுகளால் இயங்கும் கருவியைச் செய்தார். கட்டை இருந்தால் விரல் பழைய இசைக்கே திரும்பிப் போகும் என்பது அவர் எண்ணம். சந்தையில் வென்றது மூக்கின் கட்டைகள். பழகிய கைகள் உள்ள இடத்திற்குத்தான் வியாபாரம் போகும்.

1970களின் முடிவில் சிந்தசைசர் செய்யும் கம்பனிகள் பெருகின. மீண்டும் காகிதச் சுருளின் சிக்கல் தலைதூக்கியது. ஒரு கம்பனியின் கட்டையால் மற்றொரு கம்பனியின் கருவியை ஒலிக்கச் செய்ய முடியாது. சில கருவிகள் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ற் என்று கணக்கிட்டன. சில வேறு கணக்கு வைத்தன.

இங்கே இகுதாரோ ககேஹாஷி என்ற ஜப்பானியரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1930இல் ஒசாக்காவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். கடிகாரம் திருத்திப் பிழைத்தார். அதே காசநோய் அவரையும் பிடித்து ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடத்தியது. அப்போது புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அவரைக் காப்பாற்றியது. முறையான இசைப்பயிற்சி இல்லாத இவர் 1972இல் 'றோலண்ட்' கம்பனியை நிறுவினார். 1981இல் எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று பேச ஒரு பொதுமுறை வேண்டும் என்ற யோசனையை அமெரிக்காவின் ரொம் ஓபர்ஹைமிடம் முன்வைத்தார். அது 'சீக்குவென்ஷல் சர்கிட்ஸ்' கம்பனியின் டேவ் சிமித்திடம் சென்றது. சிமித், செற் வூட் என்பவருடன் சேர்ந்து ஒரு வரைவைத் தயாரித்து அவ்வாண்டு நவம்பரில் ஒலிப்பொறியியலாளர் சங்கத்தின் மாநாட்டில் சமர்ப்பித்தார். யமஹா, கோர்க், கவாய் ஆகிய கம்பனிகளும் பேச்சில் சேர்ந்தன.

1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் சிமித்தின் 'புரொபெற் 600' கருவியையும் றோலண்டின் 'ஜுபிட்டர் 6' கருவியையும் ஒரு வயரால் இணைத்தார்கள். ஒன்றில் கட்டையை அழுத்த மற்றது ஒலித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் 'மிடி 1.0' விதிமுறை வெளியாயிற்று. இசைக்கருவிகளுக்கான இலக்கமுறை இடைமுகம் என்பதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே மிடி.

இந்த வரலாற்றில் என் மனதைத் தொட்ட செய்தி, அவர்கள் இதற்கு விலை வைக்கவில்லை என்பதே. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தமது கருவியில் மிடியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டனர். சிமித்தின் கம்பனி 1987இல் மூடப்பட்டு யமஹாவின் கைக்குப் போனது. 2015இல் ககேஹாஷியின் தூண்டுதலோடு யமஹா அந்தப் பழைய பெயரைச் சிமித்திடமே திருப்பிக் கொடுத்தது. 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. ககேஹாஷி 2017இலும் சிமித் 2022இலும் காலமாயினர். அவர்களது மொழி இன்றும் பேசப்படுகிறது.

இலக்கணமும் எல்லையும்

அந்த மொழியின் இலக்கணம் எளிமையானது. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று சொற்கள் போகின்றன. முதற் சொல், 'இந்த அலைவரிசையில் ஒரு சுரம் தொடங்குகிறது' என்பது. இரண்டாம் சொல், எந்தக் கட்டை என்பது. 0 முதல் 127 வரை 128 இலக்கங்கள், நடு ஸ்தாயியின் முதற் கட்டைக்கு 60. மூன்றாம் சொல், எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பது. அதற்கும் 127 வரைதான். கட்டைக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் இரண்டு முனைகள் உள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தே வேகம் கணிக்கப்படுகிறது. விரலை எடுக்கும்போது 'சுரம் முடிந்தது' என்ற செய்தி போகும். ஆக 16 அலைவரிசைகள். வினாடிக்கு 31,250 துணுக்குகள். ஒரு சுரத்தின் செய்தி போய்ச்சேர ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும்.

ஓசையைச் சுமக்காததால் சுமை மிகக் குறைவு. இறுவட்டுத் தரத்தில் ஒரு நிமிட ஓசைக்குப் பத்து மெகாபைற்றுக்கு மேல் தேவை. ஒரு முழுப்பாட்டின் மிடிக் கோப்புக்குச் சில பத்துக் கிலோபைற்றுகள் போதும். 2000களின் தொடக்கத்தில் கைத்தொலைபேசிகளில் சினிமாப் பாட்டுகள் மணியோசையாக ஒலித்தது நினைவிருக்கலாம். அவற்றுட் பல மிடிக் கோப்புகள். பெயர் தெரியாமலே நமது சந்தைகளிலும் பஸ் வண்டிகளிலும் இந்த மொழியைக் கேட்டிருக்கிறோம்.

1991இல் 'ஜெனரல் மிடி' என்ற பெயரில் 128 வாத்தியங்களின் பட்டியல் ஒன்று தரப்படுத்தப்பட்டது. எந்தக் கருவியிலும் முதலாம் இலக்கம் பியானோவாகவே இருக்கவேண்டும் என்பது போன்ற ஏற்பாடு. அப்பட்டியலின் 105 முதல் 112 வரையான எட்டு இடங்கள் இனக்குழு வாத்தியங்களுக்கு ஒதுக்கப்பட்டன. சித்தாரும் ஷெனாயும் அங்கு இருக்கின்றன. ஊத் இல்லை, நாதஸ்வரம் இல்லை, நமது றபான் இல்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, ஆசியாவும் ஆபிரிக்காவும் மிச்சமும் பெரும்பாலும் அந்த எட்டுக்குள் நெருக்கி உட்காரவேண்டியதாயிற்று. இதைச் சதி என்று நான் சொல்லமாட்டேன். வரைந்தவர்களின் காதில் விழுந்த உலகம் அவ்வளவே.

பட்டியலைவிட ஆழமான எல்லை இலக்கணத்தில் உண்டு. 'தொடங்கு', 'முடி' என்பன கட்டை வாசிப்பவனின் வினைச்சொற்கள். பாடுகின்றவளின் குரலுக்கு அப்படித் தெளிவான தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஜாரன் லானியர் என்ற கணினி அறிஞர் 2010இல் வெளியிட்ட நூலொன்றில் இதே குறையை எடுத்துக்காட்டி, மாற்றமுடியாதபடி இறுகிப்போன தொழில்நுட்பத்துக்கு மிடியை உதாரணமாக்கினார்.

பெட்டி சிறுத்த கதை

மிடி வந்தபின் கட்டைகளும் ஒலிப்பெட்டியும் வேறுவேறாகப் பிரியலாயின. 1985இல் வந்த 'அட்டாரி எஸ்.ரி.' கணினியில் மிடித் துளைகள் உடன்பிறந்தவையாக இருந்தன. 1990களில் சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு சேர்ந்த கூடத்தில் கணினியையும் சிந்தசைசரையும் கொண்டு இசையமைத்தார். 1992இல் வெளியான 'ரோஜா'வுக்குப் பின் தமிழ்த் திரையிசையின் ஒலியே மாறியது. ஒன்பது வயதில் தந்தையை இழந்து, அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளின் வாடகையில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை அவர். வீட்டறையிலிருந்து இசை செய்யலாம் என்ற நம்பிக்கையை நம் இளைஞருக்குத் தந்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

1999இல் இரண்டு விடயங்கள் நடந்தன. கணினிக்குள்ளேயே மென்பொருளாக வாத்தியங்கள் இயங்கும் முறையை 'ஸ்ரைன்பேர்க்' நிறுவனம் வெளியிட்டது. யூ.எஸ்.பி. வயர் வழியே மிடி போகும் விதிமுறையும் அதே ஆண்டில் வந்தது. ஒலிப்பெட்டி கணினிக்குள் புகுந்துவிட்டதால் வெளியே மிஞ்சியது கட்டைகள் மட்டும். 2000களில் இரண்டு ஸ்தாயிக் கட்டைப் பெட்டிகள் பரவலாயின. 2010 அளவில் 'அக்காய்' கம்பனியின் 'எம்.பி.கே. மினி' போன்றவை மடியில் வைத்து வாசிக்கும் அளவுக்குச் சிறுத்தன. 2015இன் அண்ட்ரொயிட் 6 முதல் கைத்தொலைபேசியிலேயே இவற்றைச் செருகலாம் என்றாயிற்று.

இழுவை

என்னிடம் படித்த ஓர் இளைஞன் இவ்வாறான பெட்டியொன்றை வாங்கினான். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி நிகழ்ச்சியொன்றுக்காகத் தன் மூத்தம்மா பாடும் தாலாட்டின் மெட்டை அதில் வாசித்து, பின்னணி சேர்த்து அவருக்குப் போட்டுக்காட்டினான். நானும் உடனிருந்தேன். அவர் கடைசிவரை கேட்டார். "பாட்டு நம்முட பாட்டுத்தான் மனே. ஆனா இழுவயக் காணல்லயே" என்றார்.

"அவ சொல்றது சரி சேர். எல்லாச் சுரமும் சரியாத்தான் இருக்கு. அதுதான் பிழை போல" என்றான் அவன்.

அவன் சொன்னது சிந்திக்கத்தக்கது. சுரங்கள் கட்டைக்குக் கட்டை தாவின. மூத்தம்மா ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கிப் போவார். மென்பொருள் ஒவ்வொரு சுரத்தையும் தாளக் கட்டத்தின் மேல் இழுத்து வைத்திருந்தது. தாலாட்டோ தொட்டிலின் அசைவையும் பாடுபவரின் மூச்சையும் தவிர வேறு கணக்கு அறியாதது. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் கவிகளும் அப்படித்தான். ஓரடியின் ஈற்றில் வரும் நீண்ட இழுப்பே அந்தக் கவியின் பொருளில் பாதி.

ஆனால் 1983இன் எழுத்திலேயே இதற்கு ஒரு குறி இருக்கிறது. அதுவே சுரத்தை வளைக்கும் சக்கரம். சில பெட்டிகளில் அது சிறு நெம்புகோலாகவோ தொடுபட்டையாகவோ இருக்கும். வேகத்துக்கு 128 படிகளே தந்தவர்கள் வளைவுக்கு 16,384 படிகள் தந்தனர். வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் வளையும். அக்கணக்கில் ஓர் அரைச்சுரத்துக்குள் 4,096 படிகள் உண்டு. ராஸ்தின் அந்த நடுச்சுரத்துக்கு 2,048ஆவது படியில் நின்றால் போதும். ஒரு குறை: ஓர் அலைவரிசையில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் ஒன்றாகவே வளையும். பல சுரங்களை அடுக்கி வாசிக்கும் பியானோக்காரருக்கு இது பெருங்குறை. நமக்கு அப்படியன்று. நமது தாலாட்டும் கவியும் ஒற்றைக் குரலின் ஒற்றை மெட்டு.

இங்கு ஆர்மோனியத்தின் பாடம் உதவுகிறது. மேற்கத்தியப் பியானோவில் இடதுகைக்கும் கட்டைகளில் வேலை உண்டு. ஆர்மோனியத்தில் இடதுகை காற்றைக் கவனித்தது. மெட்டு வலதுகையின் பொறுப்பு. சிறு மிடிப் பெட்டிக்கு இருபத்தைந்து கட்டைகளே என்று குறைப்படுவோர் உளர். ஒரு மெட்டுக்கு வலதுகை ஒன்றே போதும், இரண்டு ஸ்தாயியும் போதும். ஓய்ந்திருக்கும் இடதுகையைச் சக்கரத்தில் வைக்கலாம். அன்று காற்றை ஊட்டிய கை இன்று இழுவையை ஊட்டட்டும்.

அந்த இளைஞன் தாளக் கட்டத்தை நீக்கினான். புல்லாங்குழல் ஒலியை எடுத்து, கட்டையைக் குறைவாகவும் சக்கரத்தைக் கூடுதலாகவும் பயன்படுத்திப் பழகினான். ஒரு குமிழை ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு வைத்தான். இருபது நாள்வரை சென்றது. இரண்டாம் முறை கேட்ட மூத்தம்மா, "இப்ப நம்மட ஆக்கள் பாடுற மாதிரி இரிக்கி. மூச்சுத்தான் இல்ல" என்றார். மிடியின் கட்டுப்பாட்டு இலக்கங்களில் இரண்டாவது மூச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதை அவர் அறியமாட்டார்.

மொழியும் இப்போது விரிந்து வருகிறது. கட்டையே இல்லாமல் விரல் வழுக்கிச் செல்லும் 'கொன்ரினியம்' என்ற பலகையை 2009இல் வந்த 'டெல்லி 6' படப் பாடலொன்றில் ரஹ்மான் வாசித்தார். ஒவ்வொரு விரலின் சுரமும் தனித்தனியே வளையும் முறை 2018இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2020இல் வெளியான மிடி 2.0, வேகத்தின் 128 படிகளை 65,536 ஆக்கியது. பழைய கருவிகளையும் அது கைவிடவில்லை. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் குரலுக்கு அருகில் வர எழுத்து முயல்கிறது.

புள்ளி வைத்த எழுத்து

பிறர் வகுத்த எழுத்தைக் கையில் எடுப்பது நமக்குப் புதிதன்று. தமிழுக்கென வகுக்கப்படாத அரபு எழுத்தை எடுத்து நமது முன்னோர் தமிழை எழுதினார்கள். ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அதில் இடமில்லை. எகர ஒகரங்களுக்கும் இடமில்லை. அவர்கள் எழுத்தைக் குறைகூறி ஒதுக்கவில்லை. தமிழின் ஒலியையும் விட்டுக்கொடுக்கவில்லை. இருந்த எழுத்துகளோடு புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். அரபுத்தமிழ் என்ற பெருஞ்செல்வம் அப்படி உண்டானது.

மிடிப் பெட்டியின் சக்கரமும் அப்படியொரு புள்ளிதான். அதை வைக்கத் தெரிந்தால் நமது இழுவை அந்த எழுத்துக்குள் வரும். வைக்கத் தெரியாவிட்டால், நாளடைவில் பிள்ளைகள் கட்டைக்கு ஏற்றபடியே பாடத் தொடங்குவர். ஒலி எழுத்தைத் திருத்துவதற்குப் பதிலாக எழுத்து ஒலியைத் திருத்திவிடும். நான் அஞ்சுவது இதற்கே.

ஆகவே பெட்டி வைத்திருக்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஊரில் கவி தெரிந்த, தாலாட்டுத் தெரிந்த, பொல்லடிப் பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். முதலில் அவர்களிடம் போய் அவர்களது குரலை அப்படியே பதிவுசெய்யுங்கள். கைத்தொலைபேசி போதும். யார், எந்த ஊர், எப்போது பாடுவது என்பதையும் அவர்களின் அனுமதியோடு குறித்து வையுங்கள். அதன்பின் கட்டைகளுக்கு வாருங்கள். குரல் மூலப்பிரதி; மிடி அதன் படி. படியெடுப்பவன் மூலத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டே எழுதவேண்டும்.

மாணவனின் கேள்விக்கு நான் கொடுத்த விடையும் இதுதான். அது இசைக்கருவியா இல்லையா என்பதை அந்தப் பெட்டி தீர்மானிப்பதில்லை. ஓசை அதற்குள் இல்லை. எந்தக் குரலைக் கேட்டுவிட்டு வந்து அதன் முன்னால் உட்காருகிறோம் என்பதில்தான் இருக்கிறது.